கடைசி மூன்று குப்பிகள்

25 ஜூலை 2024, வியாழக்கிழமை
காலை மணி 10.20

அன்புள்ள மருமகளுக்கு,

உன் மாமனார் எழுதுவது. நானும் உன் அத்தையும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். எங்கள் வயதில் நலம் என்ற சொல்லுக்கு அதற்கு மேல் பொருள் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்றும், ஆய்வகத்திலேயே தூங்கிவிடும் பழக்கத்தை விட்டுவிட்டாய் என்றும் நம்ப விரும்புகிறேன்.

ஜூலை 14ஆம் தேதியிட்ட உன் கடிதம் நேற்று, 24ஆம் தேதி புதன்கிழமை, பிற்பகலில் கிடைத்தது. பத்து நாள் ஆகியிருக்கிறது. முந்தைய கடிதம் ஒன்பது நாளில் வந்தது. கடிதத்தில் ஒரு பிழை இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைசிக் குப்பி மார்ச் 5ஆம் தேதியது என்று எழுதியிருக்கிறாய். குப்பிக்குள் இருந்த சீட்டில் உள்ளது 2023 மார்ச் 4, சனிக்கிழமை. ஐந்தாம் தேதி ஞாயிறு. அன்றுதான் என் பிள்ளை உன்னிடம் தொலைபேசியில், உன் ஆய்வுக்காகக் குளவிக் கொம்புகளைச் சேர்க்கும் பன்னிரண்டு குப்பிகளும் முடிந்துவிட்டன என்று சொன்னான். நான் கீழே கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து அவன் குரல் தெளிவாகக் கேட்டது.

உன் கண்டுபிடிப்பை மூன்று முறை படித்தேன். எனக்குப் புரிந்தது சரிதானா என்று பார்த்துக்கொள். குளவி தன் இரையைப் பெரும்பாலும் கண்ணால் தேடுவதில்லை, உணர்கொம்பால் முகர்ந்து தேடுகிறது. அப்படி முகர்வதற்கென்றே அதன் மரபணுத் தொகுதியில் இருநூறுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருக்கின்றன. எல்லாம் எப்போதும் விழித்திருப்பதில்லை. நம் வீட்டுச் சுவரில் கூடு கட்டும் குளவிகள் குளிர் மாதங்களில் வலைச் சிலந்தியையும், மழை வந்தபின் இலைகளில் வாழும் பச்சைச் சிலந்தியையும் வேட்டையாடுகின்றன. பச்சைச் சிலந்திக்குரிய மரபணுக்கள் விழித்திருப்பதை, 2022 ஏப்ரலில் அவன் பிடித்த குளவிகளில் மட்டுமே நீ கண்டிருந்தாய். இப்போது அவன் கடைசியாகப் பிடித்த மூன்று குளவிகளிலும் அவை விழித்திருக்கின்றன. ஆனால் அவற்றின் தேதிகளோ 2023 பிப்ரவரி 18, பிப்ரவரி 25, மார்ச் 4. மழைக்கு இன்னும் பல வாரங்கள் இருந்தன. சுவரைச் சுற்றிப் பச்சைச் சிலந்தி ஒன்றுகூட இல்லை. ஆக, வராத இரையை முகர்வதற்குக் குளவியின் கொம்பு முன்கூட்டியே தயாராகிவிடுகிறது என்பது உன் முடிவு.

செப்டம்பர் 16ஆம் தேதி, திங்கட்கிழமை, அறிஞர் கூட்டத்தில் இதை அறிவிக்கப்போவதாகவும், கட்டுரையை அவன் நினைவுக்குக் காணிக்கையாக்கப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். அந்த மூன்று சீட்டுகளையும் உலர்த்தி உன் மேசைக் கண்ணாடியின் அடியில் வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். உன் அத்தைக்கு அந்தப் பத்தியை வாசித்துக் காட்டினேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "குளவி சாருக்கு இப்பதான் சரியான மரியாதை" என்றாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்த பெயர் அது, உனக்கு நினைவிருக்கும். கணக்குப் பாடம் நடத்துகிறவர் சட்டைப் பையில் குளவிக் குப்பியோடு வகுப்புக்கு வந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

இங்கே இந்த ஆண்டும் குளவிகள் வந்துவிட்டன. அவன் அறையின் சன்னலை உன் அத்தை காலை ஏழு மணிக்குத் திறந்து வைக்கிறாள். மூடினால் கோபித்துக்கொள்கிறாள். புத்தக அலமாரிக்குப் பின்னால் ஒரு கூடு, ஆணியில் தொங்கும் அவன் நீலச் சட்டையின் மடிப்புக்குள் ஒன்று. சட்டைக்குள் கட்டியதைத் தட்டிவிடலாம் என்றேன். அவள் விடவில்லை. குளவி உள்ளே வரும் ரீங்காரம் கேட்டால் சமையலறையிலிருந்தே, "வந்துட்டியா, வா" என்கிறாள். யாரிடம் சொல்கிறாய் என்று நான் கேட்டதில்லை.

இனி எழுதப்போவதுதான் இந்தக் கடிதத்தின் காரணம். அந்தக் கடைசி மூன்று குப்பிகளைப் பற்றிச் செப்டம்பர் 16ஆம் தேதி பேசாதே. அவற்றின் தேதிகளில் எனக்கு ஐயம் இருக்கிறது. மற்ற ஒன்பதிலும் ஐயமில்லை. ஏன் என்று இப்போது கேட்காதே. பிறப்பு இறப்புப் பதிவகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் இருந்தவன் ஒரு தேதியை ஐயப்படுகிறான் என்றால், அந்த அளவுக்கு மட்டும் அவனை நம்பு.

உன் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்.

என்றும் உன் நலம் விரும்பும்
மாமா

•

17 ஆகஸ்ட் 2024, சனிக்கிழமை
காலை மணி 8.05

அன்புள்ள மருமகளுக்கு,

ஆகஸ்ட் 5ஆம் தேதியிட்ட உன் பதில் நேற்று, வெள்ளிக்கிழமை, வந்து சேர்ந்தது. நீ என்மேல் கோபப்பட்டு எழுதிய முதல் கடிதம் இது. கோபம் நியாயமானது.

தேதிகள் அவன் கையெழுத்தில் இருக்கின்றன, நான் எப்படி ஐயப்படலாம் என்று கேட்டிருக்கிறாய். தேதிக்குக் கீழே, இரை என்ற இடத்தில் எழுதிய "வலைச் சிலந்தி" மட்டும் கடைசி மூன்றிலும் நடுங்கியிருக்கிறது, ஏணிமேல் நின்றபடியே எழுதினாரோ என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன் என்கிறாய். பிறகு இந்த வரி: "அவர் போறதுக்கு அஞ்சு நாள் முன்னாடிகூட ஏணி ஏறிக் குளவி பிடிச்சிருக்கார் மாமா. நல்லா இருந்திருக்கார். யாராலயும் முன்கூட்டித் தெரிஞ்சிருக்க முடியாதுங்கிறதுக்கு எங்கிட்ட இருக்கிற ஒரே சாட்சி அது. அதையும் எடுத்துக்காதீங்க."

அந்த வரியைப் படித்தபின் நேற்று முழுவதும் நான் எழுதவில்லை. தொலைபேசியில் சொல்லலாம் என்று எண்களைப் பாதி அழுத்தி வைத்துவிட்டேன். உன் குரல் கேட்டால் நான் வேறு ஏதாவது பேசிவிடுவேன். காகிதத்தில் என்னால் பொய் சொல்ல முடியாது என்று ஊரே நம்பியது. நானும் நம்பினேன்.

என் பணிக்காலத்தில், பள்ளியில் சேர்ப்பதற்காகப் பிள்ளையின் பிறந்த தேதியை இரண்டு மாதம் முன்னே தள்ளித் தரச்சொல்லி எத்தனையோ பேர் வந்தார்கள். என் மைத்துனனே வந்தான். மறுத்தேன். அவன் நான்கு ஆண்டுகள் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. உன் அத்தை அப்போது சொன்னாள்: "கடவுளே வந்து தேதி மாத்தித் தரச்சொன்னாலும் இவர் படிவம் எங்கன்னு கேப்பார்." அவள் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை.

இனி, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நீ வந்தது 2023 மார்ச் 11, சனிக்கிழமை, அவன் போய் மூன்றாம் நாள். திரும்பிப் போனது மார்ச் 30, வியாழன். அந்தப் பத்தொன்பது நாளில் நீ அவன் அறைப் பக்கம் போகவில்லை, உறைபெட்டியைத் திறக்கவும் இல்லை. அனுமதிக் கடிதம் வந்ததும் குப்பிகளைப் பனிக்கட்டியோடு அனுப்பிவையுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாய். மறுநாள், மார்ச் 31, வெள்ளிக்கிழமை காலை, எண்ணிக்கை சரிபார்ப்பதற்காக உறைபெட்டியைத் திறந்தேன். பன்னிரண்டு குப்பிகளும் இருந்தன. பன்னிரண்டிலும் சீட்டு இருந்தது. ஆனால் பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆகிய மூன்றிலும் திரவம் மட்டுமே இருந்தது. உணர்கொம்பு இல்லை.

அவன் வேலை செய்யும் முறை உனக்குத் தெரியும் என்று நினைத்தேன். தெரியாது போலிருக்கிறது. அவன் ஒவ்வொரு வாரமும் சீட்டு எழுதுகிறவன் அல்ல. பருவத்தின் முதல் நாளிலேயே, அதாவது 2022 டிசம்பர் 17ஆம் தேதி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பன்னிரண்டு சனிக்கிழமைகளுக்கும் சீட்டு எழுதிவிட்டான். மை திரவத்தில் கரைந்துவிடும் என்று பென்சிலால் எழுதினான். எண், தேதி, இடம். இரை என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டான். குளவி எதைத் தூக்கிக்கொண்டு வருகிறதோ அதை அன்றன்று நிரப்புவான். வராத நாளுக்குத் தேதி எழுதி வைக்கிறாயே என்று அப்போதே கேட்டேன். "வரப்போற நாள்தானே அப்பா, எங்க ஓடிடப்போகுது" என்றான்.

ஆகவே உன் மேசைக் கண்ணாடியின் அடியில் இருக்கும் எண்ணும் தேதியும் இடமும் அவன் எழுதியவை. அதில் ஐயமே வேண்டாம். அவை உன்னுடையவை. ஆனால் அவற்றை அவன் எழுதியது டிசம்பரில். கடைசி மூன்று சனிக்கிழமைகளிலும் அவன் குளவி பிடிக்கவில்லை.

பிடித்தவன் நான்.

பன்னிரண்டும் முடிந்தது என்று உன்னிடம் அவன் சொன்ன சொல் என் காதிலேயே இருந்தது. போனவன் சொல் பொய்யாகிவிடக்கூடாது என்று நினைத்தேன். இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் அதுதான்.

ஏப்ரல் முதல் தேதி நல்ல மழை. மழை விட்டபின் குளவிகள் பெருகின. அவன் செய்வதைப் பார்த்திருந்ததால் முறை எனக்குத் தெரியும். குளவி இரையோடு கூட்டுக்குத் திரும்பும்போது வலையால் மூட வேண்டும். பனிக்கட்டிக் குடுவைக்குள் மூன்று நிமிடம் வைத்தால் மயங்கிவிடும். சிறு கத்தரியால் இரு கொம்புகளையும் உயிரோடிருக்கும்போதே நறுக்கி உடனே திரவத்தில் போட வேண்டும். தாமதித்தால் எந்த மரபணு விழித்திருந்தது என்ற செய்தி அழிந்துவிடும் என்று அவன் சொல்வான்.

முதல் இரண்டு நாள் என்னால் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் குளவியைத் தொடர்ந்து தோட்டத்துக்குப் போனேன். அது ஒரு செடியின்மேல் இறங்கி, கொம்புகளால் இலையைத் தட்டித் தட்டி நடந்தது. பச்சை இலைமேல் பச்சைச் சிலந்தி ஒன்று காலை ஒடுக்கிப் படுத்திருந்தது. மூக்குக் கண்ணாடி போட்டும் முதலில் எனக்குத் தெரியவில்லை. அசையாமல் கிடந்தால் தப்பிவிடலாம் என்பது அதன் கணக்கு. குளவி இரண்டு முறை அதைத் தாண்டிப் போனது. பிறகு நின்றது. திரும்பி வந்தது. கொட்டி, காலில் இடுக்கிக்கொண்டு சுவரை நோக்கிப் பறந்தது. நான் ஏணியை நோக்கி ஓடினேன். எழுபத்தாறு வயதில் நான் ஓடியதைப் பார்த்து உன் அத்தை வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். நான் இறங்கியபின், "அவன் ஏறும்போது ஒருநாளாவது வந்து பிடிச்சிருக்கீங்களா" என்று மட்டும் சொன்னாள்.

உண்மையான பதிவுகளைத் தருகிறேன். இவற்றைத் தனிக் குறிப்பேட்டில் அன்றன்றே எழுதிவைத்தேன், பழக்கத்தை விட முடியவில்லை. பத்தாம் குப்பி, 2023 ஏப்ரல் 9, ஞாயிறு, காலை 9.10, கிழக்குச் சுவர், வெயில். பதினொன்றாம் குப்பி, ஏப்ரல் 11, செவ்வாய், காலை 8.35, அதே சுவர், மேகமூட்டம். பன்னிரண்டாம் குப்பி, ஏப்ரல் 13, வியாழன், காலை 10.50, அவன் அறைச் சன்னலின் மேல்விளிம்பு, வெயில். மூன்றிலும் இரை பச்சைச் சிலந்தி.

பிறகு ஏன் சீட்டில் வலைச் சிலந்தி என்றிருக்கிறது என்று கேட்பாய். போலிப் பதிவுகளை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன் தெரியுமா? முன்னும் பின்னும் உள்ள பதிவுகளோடு ஒத்துப்போகாது. ஆகஸ்டில் பிறந்ததாகச் சொல்லப்படும் பிள்ளைக்கு ஜூலையில் தடுப்பூசி போட்டிருப்பார்கள். அப்படி எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன். எனவே நானே ஒன்றைச் செய்ய நேர்ந்தபோது, பிப்ரவரித் தேதிக்குக் கீழே பச்சைச் சிலந்தி என்று எழுதினால் நீ பிடித்துவிடுவாய் என்று எனக்குத் தெரிந்தது. ஒன்பதாம் குப்பியின் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். ஏணிமேல் நின்று எழுதவில்லை. அவன் மேசையில், அவன் நாற்காலியில் உட்கார்ந்து, பென்சிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுதினேன். நடுக்கம் என்னுடையது.

ஏப்ரல் 17, திங்கட்கிழமை, பெட்டி உனக்கு அனுப்பப்பட்டது.

வராத இரைக்காகக் குளவி காத்திருக்கவில்லை, அம்மா. இரை வந்துவிட்டிருந்தது. தேதிதான் பழையது. ஓராண்டுக்கும் மேலாக நீ கட்டியெழுப்பியது என் இரண்டு சொற்களின்மேல் நிற்கிறது. கூட்டத்தில் நூறு பேர் முன்னால் நின்று அதைச் சொல்லி, பின்னால் எவரோ ஒருவர் இதே சோதனையைச் செய்து பார்த்து உன்னைப் பொய்க்காரி என்று சொல்லும் நாளை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்தப் பெயர் எனக்கு உரியது.

இன்னும் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. கை வலிக்கிறது என்று சொல்லி நிறுத்துகிறேன். அதுவும் முழு உண்மை அல்ல.

மாமா

•

19 ஆகஸ்ட் 2024, திங்கட்கிழமை
காலை மணி 11.40

அன்புள்ள மருமகளுக்கு,

முந்தைய கடிதத்தைச் சனிக்கிழமையே தபாலில் சேர்த்துவிட்டேன். தபால் நிலையத்துப் பெண் உறையின் எடையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு எழுதுறதுக்கு ஃபோன்ல ரெண்டு நிமிஷத்துல சொல்லிடலாமேய்யா" என்றாள். இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடியது என்றால் உன்னிடம் நான் ஏன் தபால்தலை வாங்குகிறேன் என்று கேட்டேன். சிரித்தாள். நானும் சிரித்தேன். வீடு திரும்பும் வழியில்தான் நான் சிரித்தது எனக்கு உறைத்தது.

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். காத்திருந்தால் எழுதமாட்டேன்.

நேற்று ஞாயிறு. உன் அத்தை வெளியே போயிருந்தாள். நான் அவன் அறையில் போய் உட்கார்ந்தேன். சட்டை மடிப்பிலிருந்த கூடு உலர்ந்து, ஒரு துண்டு உதிர்ந்து தரையில் கிடந்தது. கூட்டின் உடைந்த சிற்றறைக்குள் ஏழெட்டுச் சிலந்திகள் அடுக்கப்பட்டிருந்தன. எத்தனை நாளாக அப்படிக் கிடக்கின்றனவோ தெரியாது. செத்தவை என்று நினைத்துப் பென்சில் முனையால் ஒன்றைத் தொட்டேன். ஒரு கால் மெல்ல மடங்கி, மறுபடி நீண்டது. குளவி இரையைக் கொல்வதில்லை, கெட்டுப்போகாமல் இருக்க உயிரோடு கிடத்திவைக்கிறது என்று அவன் எனக்கு எப்போதோ விளக்கியிருக்கிறான். கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். நேற்று அந்தக் கால் மடங்கியதைப் பார்த்தபின் நாற்காலியிலிருந்து எழ எனக்கு நெடுநேரம் ஆயிற்று.

ஓராண்டு ஐந்து மாதமாக இந்த வீட்டில் எதுவோ என்னைத் தேடிக்கொண்டிருக்கிறது. மூட நம்பிக்கை என்று நினைக்காதே, எனக்கு அதெல்லாம் கிடையாது. செய்தித்தாளுக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். உன் அத்தை பேச்சை அந்தப் பிப்ரவரிப் பக்கம் திருப்பினால் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பேன். நீ தொலைபேசியில் அழைத்தால் உடனே அவளிடம் கொடுத்துவிடுவேன். தட்டித் தட்டி நடந்து வந்தது, இரண்டு முறை என்னைத் தாண்டிப் போய்விட்டது என்றுகூட நினைத்தேன். உன் கடிதத்தின் அந்த வரியில் நின்றுவிட்டது.

கடைசி மூன்று சனிக்கிழமைகளில் அவன் ஏன் குளவி பிடிக்கவில்லை என்று நீ இன்னும் கேட்கவில்லை. சனிக்கிழமைக் கடிதம் கையில் கிடைத்ததும் கேட்பாய்.

2023 பிப்ரவரி 18, சனிக்கிழமை, காலை 7.40. நான் பின்வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். அவன் ஏணியில் பாதி ஏறி, இறங்கி, கீழ்ப்படியில் உட்கார்ந்தான். வலை மடியில் கிடந்தது. "மூச்சு வாங்குதுப்பா. ரெண்டு வாரமாவே இப்படி இருக்கு. நெஞ்சு மேல யாரோ உக்காந்திருக்கிற மாதிரி" என்றான். நான் செய்தித்தாளைத் தாழ்த்தினேன். மடிக்கவில்லை. "எனக்கு எழுபத்தாறு, நான் மாடிக்கு நாலு தரம் ஏறி இறங்குறேன். முப்பத்தெட்டுக்கு மூச்சு வாங்குதா? சனிக்கிழமைச் சோம்பலுக்கு இது புதுப் பேரா?" என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே வலையை எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனான்.

பிப்ரவரி 25. ஏணியடியில் ஒரு கையை ஏணிமேல் வைத்தபடி நின்றுகொண்டிருந்தான். நான் சன்னல் வழியே பார்த்தேன். நாலைந்து நிமிடம் அப்படியே நின்றான். ஏறவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. மார்ச் 4. சளி பிடித்திருக்கிறது என்று படுத்திருந்தான். மார்ச் 9, வியாழன், பள்ளிக்கூட மாடிப்படியில், காலை 9.25. மீதி உனக்குத் தெரியும்.

ஆக, நான் ஏணி ஏறி அந்த மூன்று குப்பிகளை நிரப்பியது அவன் சொல்லைக் காப்பாற்ற மட்டும் அல்ல. நிரம்பிய குப்பிகள் அவன் மார்ச் 4ஆம் தேதிவரை நன்றாக இருந்தான் என்று சொல்லும். வெறும் குப்பிகள் வேறொன்றைச் சொல்லியிருக்கும். நிரப்பும்போது இதை நான் யோசிக்கவில்லை என்று எழுத விரும்புகிறேன். யோசித்தேனா இல்லையா என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. உறுதியாகத் தெரியாததை நான் பதிவு செய்ததில்லை. ஆகவே அந்த இடத்தை வெறுமையாக விடுகிறேன்.

யாராலும் தெரிந்திருக்க முடியாது என்று நீ எழுதினாய். ஒருவனிடம் சொல்லப்பட்டது. சரியாகப் பத்தொன்பது நாளுக்கு முன்.

இன்று காலை இதையெல்லாம் உன் அத்தையிடம் சொன்னேன். உனக்குச் சொல்லுமுன் அவளுக்குச் சொல்ல வேண்டியது முறை. அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். முடித்ததும், "எனக்குத் தெரியும்" என்றாள். பிப்ரவரி 18ஆம் தேதியே அவன் சமையலறைக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தானாம். ஏன் முகம் வெளுத்திருக்கிறது என்று இவள் கேட்டிருக்கிறாள். "ஒண்ணுமில்லம்மா, அப்பாகிட்ட சொன்னேன், அவரே சிரிச்சுட்டார். சிரிக்கிற விஷயம்தான் போல" என்றானாம். "நீங்களே சிரிச்சப்புறம் நான் எதுக்குப் பயப்படணும்னு விட்டுட்டேன்" என்றாள் உன் அத்தை. இத்தனை நாளும் ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று கேட்டேன். "நீங்களா சொல்லட்டும்னுதான். தினமும் காலைல சன்னலைத் திறக்கிறப்ப, இன்னைக்குச் சொல்லிடுவார், இன்னைக்குச் சொல்லிடுவார்னு" என்று சொல்லி, மீதியைச் சொல்லாமல் அடுப்பை மறுபடி பற்றவைத்தாள்.

பிறகு நாங்கள் இருவரும் காபி குடித்தோம். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

என் குறிப்பேட்டின் மூன்று பக்கங்களை இதனோடு இணைத்திருக்கிறேன். நகல் அல்ல, மூலப் பக்கங்களே. உன் தலைமை ஆய்வாளரிடம் காட்ட வேண்டுமானால் காட்டு. குளவிகளை நன்கு அறிந்த குடும்பத்து முதியவர் ஒருவர் தவறுதலாக எழுதிவிட்டார் என்று என்னை மூடி மறைத்து எழுதாதே. தவறுதலாக எழுதவில்லை. முழுப் பெயரோடு, வேண்டுமென்றே எழுதினார் என்று எழுது. கட்டுரையில் அவன் பெயருக்குக் காணிக்கை இருக்கட்டும். ஒன்பது குப்பிகளும் அதற்கு முந்தைய ஆண்டின் குப்பிகளும் அவன் பிடித்தவைதான், அவற்றில் ஒரு தேதிகூடத் தவறாது.

சீட்டுகளை என்ன செய்வாய் என்று நான் கேட்கப்போவதில்லை. உன் அத்தை ஒரு யோசனை சொன்னாள்: கடைசி வரியை மட்டும் கத்தரித்துவிட்டு மேல் மூன்று வரிகளை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றாள். அது ஆவணத்தைச் சிதைப்பது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

இனி என் கடிதங்களை நீ பிரிக்க விரும்பாவிட்டால் அதையும் புரிந்துகொள்வேன். உன் அத்தைக்கு மட்டுமாவது எழுது. அவள் பெயருக்கு வரும் உறையை நான் தொடமாட்டேன்.

நீ அங்கே தனியாக இருக்கிறாய். ஆய்வகம் ஐந்தாம் மாடி என்று ஒருமுறை எழுதியிருந்தாய். படியேறும்போது மூச்சு வாங்கினால், நெஞ்சில் சிறு பாரம் தோன்றினால், வேலைக் களைப்பு என்று நீயே முடிவு செய்துகொள்ளாதே. யாரிடமாவது சொல். நீ சொல்வதைக் கேட்டு அவர் சிரித்தால், நீயும் சேர்ந்து சிரித்துவிட்டு உள்ளே போய்விடாதே. இன்னொருவரிடம் சொல். அவரும் சிரித்தால் மூன்றாமவரிடம் சொல். எவரும் இல்லையென்றால், பகலோ இரவோ எந்த நேரமானாலும், இங்கே கூப்பிடு. தொலைபேசியை இனி நான் அவளிடம் கொடுக்கமாட்டேன். முதல் மணியிலேயே எடுப்பேன். எடுத்து, நீ முழுவதும் சொல்லி முடிக்கும்வரை ஒரு சொல்லும் பேசாமல் கேட்பேன்.

நீண்ட ஆயுளோடு இரு, அம்மா.

மாமா